வீட்டில் ‘மெட்ராஸ் ஐ’ வந்தால்: கண் சிவந்த நேரம் முதல் தெளியும் வரை

வீட்டில் ஒருவருக்குக் கண் சிவந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, “கண்ணில் என்ன விடலாம்?” என்பதைத்தான். சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருகிறது. சளி, இருமலைப் போலத் தானாகவே அடங்கிவிடும். அந்த வைரஸைக் கொல்லும் பொருள் அடுக்களையிலும் கிடையாது, மருந்துக்கடையிலும் கிடையாது.

வீட்டில் நம்மால் செய்ய முடிந்தவை இரண்டு: எரிச்சலையும் உறுத்தலையும் தணிப்பது, அடுத்தவருக்குத் தொற்றாமல் தடுப்பது. இரண்டுமே பெரும்பாலும் கண்ணுக்கு வெளியே செய்கிற வேலைகள். இவற்றை வரிசை மாறாமல் செய்தால் ஒருவரோடு போகும். வரிசை தவறினால் ஒருவர் மாற்றி ஒருவராக வீடே வாரக்கணக்கில் கண் வலியோடு கிடக்கும்.

1. முதலில் இது வீட்டில் பார்க்கக்கூடிய கண்தானா என்று உறுதி செய்யுங்கள்

ஒத்தடத்துக்குத் துணி தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. கண் சிவப்பதெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல. பார்வையைப் பறிக்கக்கூடிய நோய்களும் முதல் நாளில் வெறும் சிவப்பாகவே தெரியும்.

பீளையைத் துடைத்துவிட்டு, நோயாளியைச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் முன்னால் நிறுத்துங்கள். ஒரு கண்ணைக் கையால் அழுத்தாமல் மறைத்துக்கொண்டு, ராகு காலம், எமகண்டம் என்று அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்தை மற்றக் கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொண்டு படிக்கட்டும். மெட்ராஸ் ஐ வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத்தான் முதலில் பிடிக்கிறது. ஆகவே இமைத்தவுடன் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இமைத்தும் மங்கலாகவே இருந்தால் கருவிழியோ உட்பகுதியோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயம் இல்லை.

உறுத்தல் வேறு, வலி வேறு. மணல் விழுந்தது போல உறுத்துவது மெட்ராஸ் ஐக்கு இயல்பு. குத்தும் வலி, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் சிவந்து தலைவலியும் வாந்தியும், கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சல், நெற்றியிலோ இமையிலோ கொப்புளம், கண்ணில் அடிபட்டது அல்லது ஏதாவது தெறித்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். துடைக்கத் துடைக்கக் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் ஊறிக்கொண்டே இருந்தாலும் காட்டுங்கள். அது பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து உண்டு.

மூன்று பேரை மட்டும் எந்த அறிகுறிக்கும் காத்திராமல் அழைத்துப் போங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர். அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பச்சிளங்குழந்தையின் கண்ணில் சீழ் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. பிரசவத்தின்போது தொற்றும் சில கிருமிகள் கருவிழியை வேகமாக அரித்துவிடும். லென்ஸ் அணிபவர்கள் அதை உடனே கழற்றி, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு கண்ணும் ஒன்றாக அரித்து, தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்து, தூசியிலோ பூனைக்குட்டியோடு விளையாடிய பிறகோ வந்திருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அது யாருக்கும் தொற்றாது. சந்தேகம் இருந்தால் தொற்று என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. தேவையானதையெல்லாம் முன்பே எடுத்து வையுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாதி துடைத்த பிறகு பஞ்சைத் தேடி அலமாரியைத் திறப்பார்கள், விளக்கைப் போடுவார்கள், பாத்திரத்தின் மூடியை எடுப்பார்கள். கண்ணைத் தொட்ட கை தொட்ட இடத்திலெல்லாம் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. மெட்ராஸ் ஐயைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வைரஸ், உலர்ந்த பரப்பிலும் பல நாள்கள் உயிர்ப்போடு இருக்கும்.

ஒரு தட்டில் இவற்றை வையுங்கள்: மூடியுள்ள பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், பஞ்சு அல்லது மெல்லிய பருத்தித் துணித் துண்டுகள், அழுக்கைப் போட ஒரு காகிதப் பை, சோப்பு. வீட்டில் பழைய மல் வேட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கைக்குட்டையில் பாதி அளவுக்கு நிறையத் துண்டுகளாகக் கிழித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் வாங்க வேண்டியது அதிகம் இல்லை. கண் உலர்வுக்கு விடும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, முடிந்தால் பதப்படுத்தும் பொருள் சேராதது. கூடவே காய்ச்சலோ உடல்வலியோ இருந்தால் கொடுக்கப் பாராசிட்டமால். குழந்தைகளுக்கு அதை எடைக்குத் தக்க அளவில்தான் கொடுக்க வேண்டும்; ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

3. கண்ணைத் தொடும் முன் பொருள்களைப் பிரித்து வையுங்கள்

நோயாளிக்குத் தனித் துண்டு, தனித் தலையணை, தனிப் போர்வை, தனிச் சோப்பு. துண்டு மற்றவர்களுடையதிலிருந்து வேறு நிறத்தில் இருக்கட்டும். ஒரே மாதிரித் துண்டுகள் கொடியில் வரிசையாகத் தொங்கினால் அவசரத்தில் கை எதையாவது இழுத்துவிடும்.

இதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். தப்பிப்பவை வேறு சில. அம்மாவின் முந்தானை முதல் இடம். குழந்தை அழுதுகொண்டே வந்ததும் யோசிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிடுகிறோம். பத்து நிமிடம் கழித்து அதே முந்தானையால் நம் முகத்து வியர்வையைத் துடைக்கிறோம். தாத்தாவின் தோள் துண்டுக்கும் இதே கதைதான். கண் வலி உள்ள வீட்டில் துப்பட்டா, முந்தானை, தோள் துண்டு மூன்றாலும் யார் முகத்தையும் துடைப்பதில்லை என்று முதல் நாளே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கண்மைச் சிமிழ். அதற்கடுத்தது பூஜை அலமாரியில் எல்லோரும் விரலை விடும் விபூதிக் கிண்ணம், குங்குமச் சிமிழ். நோயாளிக்குக் கொஞ்சம் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுங்கள். குளியலறை வாளியில் மிதக்கும் குவளை, குழாயின் திருகு, தாழ்ப்பாள், டி.வி. ரிமோட், கைப்பேசி ஆகியவற்றை எட்டாவது பகுதியில் பார்ப்போம்.

4. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்; சானிடைசரை நம்பிவிடாதீர்கள்

கண்ணைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 20 நொடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். முன் கழுவுவது நோயாளிக்காக, பின் கழுவுவது வீட்டுக்காக. பலர் இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள்.

கொரோனா காலத்துப் பழக்கத்தில் பாட்டிலை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அடினோ வைரஸுக்கு அந்த உறை இல்லாததால் ஆல்கஹாலுக்கு எளிதில் அசைவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைரஸைக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரே இல்லாத இடத்தில் மட்டும் சானிடைசர்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். குழந்தையின் நகத்தையும்தான். கசக்கும் விரலில் பீளை தங்குமிடம் அதுதான்.

5. கண்ணைத் துடைக்கும் முறை

காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க வராது. குழந்தைகள் பயந்து அழுவார்கள். இமையை இழுத்துப் பிரிக்காதீர்கள். இழுத்தால் இமைமுடி பிடுங்கி வரும், இமை விளிம்பு புண்ணாகும், மறுநாள் குழந்தை தொடவே விடாது.

ஆறிய தண்ணீரில் நனைத்த துண்டுத் துணியை மூடிய இமைமேல் போட்டு, ஓரிரு நிமிடம் அப்படியே விடுங்கள். காய்ந்த பீளை ஊறி இளகும். பிறகு மூக்கை ஒட்டிய ஓரத்தில் தொடங்கி, காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தத் துணியைப் பையில் போடுங்கள். இன்னும் இருந்தால் புதுத் துணி, புது இழுப்பு. கண்ணீர் வடியும் துளை மூக்கோரத்தில் இருக்கிறது. பீளையை அந்தப் பக்கம் தள்ளாமல், மற்றக் கண்ணுக்கும் கொண்டுபோகாமல் இருக்கத்தான் இந்தத் திசை.

துடைத்த துணியை மறுபடி தண்ணீரில் முக்கக் கூடாது. ஒரு முறை முக்கினாலும் பாத்திரத் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். தேவையான தண்ணீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு கண் நன்றாக இருந்தால் அதை முதலில் துடையுங்கள். இரண்டிலும் இருந்தால் குறைவாகச் சிவந்த கண் முதலில். இரண்டு கண்ணுக்கும் ஒரே துணி கூடாது. படுக்கும்போதும் இதைக் கவனிக்கலாம். வலது கண்ணில் மட்டும் இருந்தால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் படுத்தால் வலக்கண் நீர் மூக்குத்தண்டைத் தாண்டி நல்ல கண்ணுக்குள் வடியும்.

மல்துணியை வெந்நீரில் சோப்பு போட்டுத் துவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பஞ்சு என்றால் பையைக் கட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

6. ஒத்தடம்

துடைத்த பிறகுதான் ஒத்தடம். முதலில் ஒத்தடம் கொடுத்தால் பீளையை இமைமேல் பூசிவிடுவோம்.

குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். குளிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வீக்கமும் எரிச்சலும் தணியும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். இமைத்தோல் மிக மெல்லியது. அழுத்தவும் வேண்டாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி என்பது இங்கும் பொருந்தும்.

7. சொட்டு மருந்து

செயற்கைக் கண்ணீர் நோயைக் குணமாக்காது. ஆனால் உறுத்தல் குறையும்; உறுத்தல் குறைந்தால் கசக்குவது குறையும். அந்த அளவில் அது பெரிய உதவி.

நோயாளியைப் படுக்கவையுங்கள். கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் சிறு பை போலத் திறக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண் அதற்குமேல் தாங்காது, மீதி கன்னத்தில் வழிந்துவிடும். பாட்டிலின் முனை இமையிலோ இமைமுடியிலோ படவே கூடாது. பட்டுவிட்டால் பாட்டிலுக்குள் கிருமி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்க மறுக்கும் குழந்தைக்கு ஒரு வழி உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். கதை சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படியும் கண்ணைத் திறக்கும். மருந்து தானாக உள்ளே இறங்கும்.

ஒருவருக்கு வாங்கிய பாட்டிலை இன்னொருவருக்கு விடக் கூடாது.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருந்துக்கடையில் “கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் பாட்டில்கள் சிலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று படியுங்கள். விட்ட அன்றே சிவப்பு குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் உள்ளே வைரஸ் இன்னும் அதிக நாள் தங்கலாம். சிவப்புக்குக் காரணம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகிப் போகலாம். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். ஸ்டீராய்டு தேவைப்படும் கண்கள் உண்டு. அதைக் கருவி வைத்துப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். போன வருடம் வாங்கி மீந்த பாட்டிலை எடுத்து விடுவதும் வேண்டாம். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது.

8. கண்ணுக்குள் விடக் கூடாதவை, கைப்பட்டால் துடைக்க வேண்டியவை

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தேன், இளநீர், பன்னீர், மஞ்சள் தண்ணீர், சின்ன வெங்காயச் சாறு. பாட்டிமார் அன்போடுதான் சொல்கிறார்கள்; மறுத்துப் பேசச் சங்கடமாக இருக்கும். ஆனால் இவற்றில் எதுவும் கிருமி நீக்கப்பட்டது அல்ல. பூவிலும் இலையிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இருக்கும். வைரஸால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் கண்ணில் அவை கருவிழிப் புண்ணை உண்டாக்கலாம். அந்தப் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு தங்கிவிடலாம். பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஓரிரு வாரத்தில் தானாகப் போகிற நோய்க்கு இந்த விலை வேண்டாம்.

பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. பூவைப் பறித்து வைத்துக் காத்திருந்தால், “வெளியே ஒத்தடம் கொடுத்தால் போதுமாம் பாட்டி, உள்ளே எதுவும் விடக் கூடாதென்று டாக்டர்கள் சொல்கிறார்கள்” என்று சொல்லி, துணியை நனைத்துப் பிழிந்து தரும் வேலையை அவரிடமே கொடுங்கள். கைவைத்தியம் செய்த நிறைவு அவருக்கும் கிடைக்கும், குழந்தையின் கண்ணும் தப்பும்.

இனி வீட்டைத் துடைப்பது. தாழ்ப்பாள், குழாய், ஸ்விட்ச், ரிமோட், குவளையின் பிடி ஆகியவற்றைத் தினமும் ஒரு முறையாவது சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். மின்சாரப் பொருளுக்குப் பிழிந்த துணி. குளியலறைக்கு பிளீச்சிங் கரைசல் பயன்படுத்தினால், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் தண்ணீர் கலந்து, 10 நிமிடமாவது ஈரமாக இருக்க விட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். தலையணை உறையைத் தினமும் மாற்றி, வெந்நீரில் தனியாகத் துவைத்து, வெயிலில் காயவையுங்கள். அழுக்குத் துணியை நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போகாதீர்கள்.

கைப்பேசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணைக் கசக்கும் விரல் அடுத்த நொடி திரையைத் தொடுகிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளை அம்மாவின் கைப்பேசியில்தான் நாளைக் கழிக்கும். ஒன்று, அதை அந்தப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள். மாறி மாறிக் கைமாற்றுவதுதான் கெடுதல்.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கும், கை கண்ணுக்குப் போகாமல் தடுக்கவும் உதவும். அதைப் போட்டுக்கொண்டதால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பாலூட்டும் தாய்க்குக் கண் வலி என்றால், கையைக் கழுவிவிட்டு வழக்கம்போல் பால் கொடுக்கலாம்.

9. எத்தனை நாள், எப்போது பள்ளி

முதல் மூன்று முதல் ஐந்து நாள் கூடிக்கொண்டுதான் போகும். இது தெரியாமல் மூன்றாம் நாள் பதறி மருந்தை மாற்றுபவர்கள் பலர். ஒரு கண்ணில் தொடங்கி, சில நாளில் மற்றதற்கும் வரலாம். காதுக்கு முன்னால் சிறு நெறி கட்டலாம். வெண்விழியில் திட்டாக இரத்தச் சிவப்பு தெரிவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும், பார்வை தெளிவாகவும் வலி இல்லாமலும் இருந்தால் தானாகக் கரையும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் கண் தெளிந்துவிடும். ஒரு வாரம் ஆகியும் குறையத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

தினமும் காலண்டர் சோதனையைச் செய்துகொண்டே இருங்கள். முதல் நாள் படித்த எழுத்து நான்காம் நாள் படிக்க வராவிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கண்ணில் நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும் வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். தேர்வு இருந்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லித் தனியாக உட்காரவைக்கக் கேட்கலாம். மறைத்து அனுப்பினால் மறு வாரம் பாதி வகுப்பு காலியாக இருக்கும். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். சமையல், முடிதிருத்தம், மருத்துவமனைப் பணி என்று கையால் உணவையோ பிறரையோ தொடும் வேலையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தொற்றிய பிறகு நோய் தெரியவரச் சில நாள் ஆகும், சிலருக்கு ஒன்றரை வாரம்கூட. ஆகவே முதல் ஆளுக்குச் சரியான அன்றே துண்டுகளை ஒன்றாக்கிவிடாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் எல்லோருக்கும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

10. தெளிந்த பிறகு

நோயின்போது திறந்திருந்த சொட்டு மருந்து, தொட்ட கண்மை, ஐ லைனர், லென்ஸ், அதன் டப்பா, கரைசல் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியது என்று வைத்துக்கொண்டால் அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம். புது லென்ஸை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே அணியலாம். தலையணையை இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள்.

சிவப்பு முழுவதும் போன பிறகும் சிலருக்கு விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறும், எழுத்து லேசாக மங்கும். கருவிழியில் சிறு புள்ளிகளாகத் தழும்பு விழுந்திருக்கலாம். பலருக்கு அது நாளடைவில் மறையும் என்றாலும், கண் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கண் நன்றாகிவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.